கட்டிக்கொடுத்த சோறு தீர்ந்த பிறகு: பத்து மாத ஆண் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குழந்தை எந்தத் தனி மனிதரும் அல்ல. எதிர்ப்பொருள்களை (கிருமியைப் பிடித்து முறியடிக்கும் இரத்தப் புரதங்களை) உண்டாக்கும் பி செல்களே இல்லாத எக்ஸ்-சார் அகாமாகுளோபுலினீமியா என்னும் பிறவி நோயில் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கை வைத்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. எண்களும் அந்த நோயில் வழக்கமாகக் கிடைக்கும் வரம்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றன. பிறந்த குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்பதை இந்த நோய் காட்டுவதுபோல் வேறெதுவும் அவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை. ஒரே ஒரு பாகம் மட்டும் இல்லாமல் போனால் எந்த மாதத்தில் என்ன நடக்கும் என்பதை இதில் நேராகப் பார்க்க முடிகிறது.

நிகழ்வு

பத்து மாத ஆண் குழந்தை. இரண்டு நாளாகக் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பு, விடாத முனகல். மூன்றாம் நாள் காலை துவண்ட நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டான். உடல் வெப்பம் 39.4 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 178, உச்சிக்குழி புடைத்திருந்தது. எடை 8.4 கிலோ.

முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீர் கலங்கலாக இருந்தது. ஒரு மைக்ரோலிட்டரில் 1,900 வெள்ளணுக்கள், அவற்றில் 90 சதவீதம் பாக்டீரியாவை விழுங்கும் நியூட்ரோபில். குளுக்கோஸ் 18, புரதம் 160 (இரண்டும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்). தண்டுவட நீரிலும் இரத்தத்திலும் வளர்ந்த கிருமி நியூமோகாக்கஸ். இந்தக் கிருமிக்கான தடுப்பூசி அவனுக்கு அட்டவணை தவறாமல் போடப்பட்டிருந்தது.

இரத்த எண்ணிக்கை இன்னொரு புதிரைத் தந்தது. இவ்வளவு கடுமையான பாக்டீரியா தொற்றில் வெள்ளணுக்கள் ஏறியிருக்க வேண்டும். மொத்தம் 5,600தான் இருந்தது. அதில் நியூட்ரோபில் 12 சதவீதம், அதாவது 672. லிம்போசைட் 78 சதவீதம், அதாவது 4,368. இந்த வயதுக்கு அது இயல்பான எண்ணிக்கையே.

முன்கதை இது. நிறைமாதப் பிரசவம், பிறப்பு எடை 3.1 கிலோ. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அந்த ஆறு மாதத்தில் ஒரு சளி, அதுவும் நான்கு நாளில் சரியானது. ஆறரை மாதத்தில் வலது காதில் சீழ்; ஏழு நாள் அமாக்சிசிலின். ஏழரை மாதத்தில் இரண்டு காதிலும் சீழ். பத்து நாள் மருந்து. எட்டரை மாதத்தில் வலது நுரையீரலின் கீழ் மடலில் நிமோனியா. ஐந்து நாள் மருத்துவமனையில் செஃப்ட்ரையாக்சோன். பத்தாம் மாதத்தில் இந்த மூளைக்காய்ச்சல். நான்கு மாதத்தில் நான்கு தொற்று. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் வரக்கூடியதுதான். ஒவ்வொரு முறையும் மருந்தும் வேலை செய்தது. அதனால்தான் யாரும் நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கவில்லை.

கையில் இருந்தும் கணக்கில் சேராதவை

எட்டரை மாத நிமோனியாவின்போது எடுத்த கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையில் மொத்தப் புரதம் 5.3, ஆல்புமின் 3.9 கிராம் என்று இருந்தது. ஆல்புமின் நன்றாக இருந்ததால் தாள் கோப்பில் போய்ச் சேர்ந்தது. 5.3இல் 3.9 போனால் மிச்சம் 1.4. அந்த மிச்சம்தான் குளோபுலின். அதில் பெரும்பங்கு எதிர்ப்பொருள்களாக இருக்க வேண்டும். தொற்று இருக்கும்போது கல்லீரல் சுரக்கும் பிற குளோபுலின்கள் ஏறவே செய்யும். அப்படி ஏறியும் 1.4தான் என்றால் எதிர்ப்பொருள் இருக்க வேண்டிய இடம் காலி என்று பொருள். இந்தக் கழித்தலுக்குத் தனிச் செலவு கிடையாது, கூடுதல் இரத்தமும் வேண்டாம். திரும்பத் திரும்பத் தொற்று வரும் குழந்தையின் பழைய அறிக்கைகளில் முதலில் தேட வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். 1.8க்குக் கீழே இருந்தால் இம்யூனோகுளோபுலினை, அதாவது எதிர்ப்பொருள்களை, நேரடியாக அளந்துவிடுவது நல்லது.

அடுத்தது தொண்டை. நாக்கை அழுத்தி விளக்கடித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் டான்சில் இருக்க வேண்டிய பள்ளம் வழுவழுவென்று இருந்தது. கழுத்திலும் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஒரு நெறிகூடத் தட்டுப்படவில்லை. மூன்று முறை காதும் நுரையீரலும் சீழ்பிடித்த குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்க வேண்டும். நெறி இல்லாததை மகிழ்ச்சியான செய்தியாக எழுதிவைப்பது இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு. "நெறி இல்லை, டான்சில் வீக்கம் இல்லை" என்று முந்தைய இரண்டு சீட்டுகளிலும் இருந்தது. எழுதியது சரி, படித்த விதம்தான் தவறு. டான்சிலில் பெரும்பகுதி பி செல்களே; நெறி பருக்கவும் அவை வேண்டும். பி செல் இல்லாத உடலில் அவை வளரவே வளராது.

மூன்றாவது, குடும்ப வரலாறு. "குடும்பத்தில் யாருக்காவது இதுபோல் இருந்ததா?" என்ற கேள்விக்கு இல்லை என்றே பதில் வந்திருந்தது. கேள்வியை மாற்றி, "தாய்மாமன் யாராவது சிறுவயதில் தவறிப்போனாரா?" என்று கேட்டபோதுதான் அம்மாவுக்கு மூத்த அண்ணன் ஒருவர் ஒன்றரை வயதில் காய்ச்சலில் இறந்தது வெளிவந்தது. அம்மா பிறப்பதற்கு முன்பே நடந்தது. பாட்டிக்கு மட்டும்தான் நினைவு. எக்ஸ் குரோமோசோம் வழி வரும் நோய் தாய்வழி ஆண்களிடம்தான் வெளிப்படும். ஆகவே கேள்வியும் அந்த வழியிலேயே போக வேண்டும். அதே சமயம், இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குடும்ப வரலாறே இருக்காது. வரலாறு இல்லை என்பதை வைத்து நோயை விலக்க முடியாது.

லிம்போசைட் எண்ணிக்கை இயல்பாக இருந்ததும் ஏமாற்றியது. லிம்போசைட்டுகளில் பி செல்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி, கிருமி புகுந்த செல்களைத் தாக்கியும் பி செல்களுக்கு உதவியும் நிற்கும் டி செல்கள். அந்தப் பங்கு முழுவதும் காணாமல் போனாலும் மொத்த எண் வரம்புக்குள்ளேயே நிற்கும். சாதாரண இரத்த எண்ணிக்கை டி செல் குறைபாட்டைக் காட்டிக்கொடுக்கும். பி செல் குறைபாட்டை மறைத்துவிடும்.

ஆறு மாதம் ஏன் நன்றாக இருந்தான்

இந்த நிகழ்வின் திறவுகோல் இந்தக் கேள்விதான். குறை பிறவியிலேயே இருந்தது. ஆனால் நோய் ஆறரை மாதத்தில்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அவனைக் காத்தது அம்மாவின் ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள்.

எதிர்ப்பொருள் வகைகளில் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் செல்வது ஐஜிஜி மட்டுமே. அது தானாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடியின் மேலடுக்குச் செல்கள் தாயின் இரத்தத்திலிருந்து ஐஜிஜியைச் சிறு பைகளில் உள்ளே இழுக்கின்றன. அந்தப் பைக்குள் அமிலத்தன்மை ஏறும்போது எஃப்சிஆர்என் என்னும் ஏற்பி ஐஜிஜியைப் பிடித்துக்கொள்கிறது. மறுபுறம் கருவின் இரத்தத்தைத் தொட்டதும், அமிலத்தன்மை இறங்க, கையை விட்டுவிடுகிறது. கர்ப்பத்தின் 13ஆம் வாரம் அளவில் இந்தப் போக்குவரத்து தொடங்கினாலும் சரக்கின் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. 28 முதல் 32 வாரத்தில் கருவிடம் இருப்பது தாயின் அளவில் ஏறத்தாழப் பாதி. நிறைமாதத்தில் அது தாயின் அளவை எட்டிப் பிடிக்கும், பல நேரம் தாண்டியும் போகும். உள்வகைகளில் ஐஜிஜி1 நன்றாகக் கடக்கிறது. ஐஜிஜி2 மிகக் குறைவாக.

கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். இங்கே நாளைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். பிறக்கும்போது 1,000 மில்லிகிராம் (டெசிலிட்டருக்கு, இனி வரும் அளவுகளும் அப்படியே), அரையாயுள் ஏறத்தாழ 30 நாள் என்று வைத்துக்கொண்டால், முதல் மாத முடிவில் 500, இரண்டில் 250, மூன்றில் 125, நான்கில் 62, ஐந்தில் 31, ஆறில் 16. குழந்தை வளர்ந்து இரத்த அளவும் கூடுவதால் உண்மையில் இன்னும் வேகமாக நீர்த்துப்போகும்.

நலமான குழந்தையிடம் இதே காலத்தில் எதிர்த்திசையில் இன்னொரு கோடு ஏறிக்கொண்டிருக்கும். அது அவனுடைய சொந்த ஐஜிஜி. இறங்கும் கோடும் ஏறும் கோடும் சந்திக்கும் இடம் மூன்று முதல் ஆறு மாதம். அங்கே மொத்த அளவு 300 அல்லது 400 வரை பள்ளம் விழும்; எல்லாக் குழந்தைகளுக்கும் விழும். அதன் பிறகு ஏறி, ஒரு வயதில் பெரியவர்களின் அளவில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தொடும். நம் குழந்தையிடம் ஏறும் கோடே இல்லை. பள்ளத்தில் இறங்கியவன் மறுகரை ஏறவில்லை. காதில் சீழ் வந்த ஆறரை மாதம் என்பது அம்மாவின் கையிருப்பு தீர்ந்த நாளுக்கு ஏறத்தாழச் சரியாக ஒத்துப்போகிறது.

"ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தானே கொடுத்தேன், அப்புறம் எப்படி?" என்பது அம்மாவின் கேள்வி. இதற்குச் சுற்றிவளைக்காமல் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பழியை அவரே சுமந்துகொள்வார். தாய்ப்பாலில், குறிப்பாகச் சீம்பாலில், ஏராளமாக இருப்பது சுரப்பு ஐஜிஏ. அது குடலின் உட்சுவரில் படர்ந்து நின்று கிருமிகள் ஒட்டாமல் தடுக்கிறது. இரத்தத்துக்குள் அது போவதில்லை. கன்றுக்குட்டியின் கதை வேறு: அதற்கு நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் கிடைப்பதில்லை, பிறந்த முதல் நாளில் சீம்பாலிலிருந்து குடல் வழியாக இரத்தத்துக்கே ஏற்றிக்கொள்கிறது. மனிதக் குழந்தைக்கு இரத்தத்தில் இருக்கும் பங்கு கருவிலேயே வந்து முடிந்துவிடுகிறது. தாய்ப்பால் அவன் குடலைக் காத்தது. நுரையீரலையும் மூளையுறையையும் காக்கும் ஐஜிஜி தாய்ப்பாலால் வரக்கூடியது அல்ல.

குறைமாதக் குழந்தைக்கு இதே கணக்கு வேறு தொடக்கப் புள்ளியிலிருந்து ஓடும். மிக முன்னதாகப் பிறந்தவர்களின் ஐஜிஜி மூன்று மாத வயதில் 60 முதல் 100 வரைகூட இறங்குகிறது. இருந்தும் அவர்களுக்குத் தடுப்பூசியைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணித்தான் போட வேண்டும். குறைந்துபோன வாரங்களைக் கழித்துத் தள்ளிப்போடுவது, கையிருப்பே இல்லாத குழந்தையை இன்னும் நீண்ட நாள் வெறுங்கையோடு விடுவதாகும். கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் தாய்க்குக் கக்குவான் தடுப்பூசி போடுவதும் இந்தப் போக்குவரத்தை நம்பித்தான். தாய் எதிர்ப்பொருள் உண்டாக்கவும் அது கடந்துபோகவும் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும்.

மற்ற பாகங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன

பிறந்த குழந்தையின் நோயெதிர்ப்பைப் "பலவீனமானது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சரியான சித்திரம் அல்ல. டி செல்கள் கருவின் 12–14 வாரத்திலேயே, அவை முதிரும் மார்பு உறுப்பான தைமஸிலிருந்து வெளியே வரத் தொடங்கிவிடுகின்றன. பிறக்கும்போது தைமஸ் மார்பு எக்ஸ்-ரேயில் இதயத்தின் மேல் ஒரு பாய்மரம்போல் தெரியும் அளவுக்குப் பெரிது. ஆனால் அந்த டி செல்கள் ஏறத்தாழ எல்லாமே கன்னிச் செல்கள், எந்தக் கிருமியையும் சந்தித்து நினைவில் வைத்தவை அல்ல. கருவில் இருக்கும்வரை தாயின் திசுவோடு சண்டையிடக் கூடாது என்பதற்காக அடக்கிவைக்கும் டி செல்கள் மேலோங்கி இருக்கின்றன. அந்தச் சாய்வு பிறந்த உடனே மாறிவிடுவதில்லை. நியூட்ரோபில் பிறப்பில் நிறைய இருந்தாலும் எலும்பு மஜ்ஜையில் சேமிப்பு குறைவு. கடும் தொற்றில் விரைவில் தீர்ந்துவிடும். எதிர்ப்பொருளுக்குத் துணைநின்று கிருமியை அழிக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் பெரியவர்களின் அளவில் பாதி முதல் முக்கால் வரைதான்.

எதிர்ப்பொருள் உற்பத்தியிலும் எல்லாம் ஒன்றாக முதிர்வதில்லை. ஐஜிஎம் முதலில் வரும். கருவே அதைச் சிறிதளவு உண்டாக்கும். தொப்புள்கொடி இரத்தத்தில் ஐஜிஎம் 20க்கு மேல் இருந்தால் கருவிலேயே தொற்று வந்ததா என்று தேடுவது அதனால்தான். ஐஜிஏ எல்லாவற்றுக்கும் பின்னால், பதின்ம வயதை நெருங்கித்தான் முழு அளவை எட்டும். நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகளின் வெளியுறைச் சர்க்கரைக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறன் இரண்டு வயது வரை மிகவும் குறைவு. மண்ணீரலில் அதற்கான பி செல் விளிம்புப் பகுதி அதுவரை முதிராது. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால் டி செல் உதவிக்கு வரும், எதிர்ப்பொருளும் உண்டாகும். இணைப்புத் தடுப்பூசிகளின் முழு உத்தியும் இதுதான். ஆனால் டி செல் யாருக்கு உதவ வேண்டும்? பி செல்லுக்கு. அது இல்லாத குழந்தைக்கு எத்தனை தவணை போட்டாலும் ஊசியின் வலி மட்டுமே மிச்சம்.

பரிசோதனை: எதை, எந்த வரிசையில்

வரிசை முக்கியம். இம்யூனோகுளோபுலினை மருந்தாகச் செலுத்திய பிறகு எடுக்கும் எதிர்ப்பொருள் பரிசோதனை எதையும் நம்ப முடியாது. அது ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் எதிர்ப்பொருளைத்தான் அளக்கும். ஆகவே மருந்து ஏறுவதற்கு முன், முதல் இரத்த மாதிரியிலேயே தேவையானதை எடுத்துவைத்துவிட வேண்டும். இரத்தம் ஏற்றும் தேவை இருந்தால் மரபணுப் பரிசோதனைக்கான மாதிரியும் அதற்கு முன்பே.

முடிவுகள்: ஐஜிஜி 42, ஐஜிஏ 7க்குக் கீழே, ஐஜிஎம் 5க்குக் கீழே. மேலே போட்ட கணக்குப்படி பத்தாம் மாதத்தில் அம்மாவின் பங்கு 1 அளவுதான் இருக்கும். மீதி அவனே கசியவிட்ட சொற்பம். மூன்று தவணை போட்ட டெட்டனஸ் தடுப்பூசிக்கு எதிர்ப்பொருள் அளக்கும் வரம்புக்குக் கீழே. செல்களை அவற்றின் மேற்பரப்பு அடையாளம் (சிடி எண்) வைத்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் டி செல் (சிடி3) 96 சதவீதம், இயற்கைக் கொல்லிச் செல் 3.5 சதவீதம், பி செல் (சிடி19) 0.1 சதவீதம். பி செல் 2 சதவீதத்துக்குக் கீழே, ஆண் குழந்தை, மூன்று வகை இம்யூனோகுளோபுலினும் அடிமட்டம்: எக்ஸ்-சார் அகாமாகுளோபுலினீமியா என்று இந்த இடத்திலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். மரபணு முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

உறுதிப்படுத்தியது பிடிகே புரதம். எலும்பு மஜ்ஜையில் முன்-பி செல் முதிர்ந்து வெளியேற இந்த என்சைம் வேண்டும். இல்லாவிட்டால் உற்பத்தி வரிசை அங்கேயே நின்றுவிடும். பி செல்லே இல்லாதவனிடம் பிடிகேவை எங்கே அளப்பது? மோனோசைட் என்னும் இன்னொரு வகை வெள்ளணுவில். டி செல்லில் அளக்கக் கூடாது. நலமானவர்களின் டி செல்லிலும் பிடிகே கிடையாது. குழந்தையின் மோனோசைட்டுகளில் பிடிகே முற்றிலும் இல்லை. அம்மாவின் மோனோசைட்டுகளில் இரண்டு முகடுகள்: ஒரு பகுதியில் உண்டு, ஒரு பகுதியில் இல்லை. அவர் மரபைச் சுமப்பவர். ஆனால் அவரது பி செல்கள் எல்லாவற்றிலும் பிடிகே இருந்தது, ஏனெனில் பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்றே இயங்கும்; நல்ல எக்ஸ் இயங்கும் செல்கள் மட்டுமே பி செல்லாக வளர முடியும். அதனால்தான் அவருக்கு எந்த நோயும் இல்லை.

விலக்க வேண்டியவை சில. தற்காலிக ஐஜிஜி குறைவில், அதாவது மேலே சொன்ன பள்ளம் நீண்டுபோகும் நிலையில், பி செல் எண்ணிக்கை இயல்பாக இருக்கும், தடுப்பூசிக்கு எதிர்ப்பொருளும் உண்டாகும். இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். இந்த இரண்டையும் குழப்புவதுதான் பெரிய ஆபத்து. "இந்த வயதில் ஐஜிஜி குறைவாகத்தான் இருக்கும், வளர்ந்தால் சரியாகும்" என்று சிடி19 பார்க்காமல் சொல்லக் கூடாது. குடல் அல்லது சிறுநீர் வழியாகப் புரதம் வெளியேறினால் ஆல்புமினும் சேர்ந்து இறங்கும், இங்கே இறங்கவில்லை. ஐஜிஎம் இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்து மற்ற இரண்டும் இல்லாவிட்டால் சிடி40 லிகண்ட் குறைபாட்டை (ஐஜிஎம்மிலிருந்து மற்ற வகைகளுக்கு மாற பி செல்லுக்கு டி செல் தரும் குறிப்பு இல்லாமல் போவதை) நினைக்க வேண்டும்.

கடுமையான டி செல் குறைபாடு இவ்வளவு நாள் பொறுத்திருக்காது. அதில் முதல் சில மாதங்களிலேயே விடாத வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை, நியூமோசிஸ்டிஸ் நிமோனியா என்று தொடங்கிவிடும். அம்மாவின் ஐஜிஜி முழுதாக இருக்கும்போதே நோய் தொடங்கினால் சிக்கல் ஐஜிஜியால் ஈடுகட்ட முடியாத இடத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். அந்தக் குழந்தையின் இரத்த எண்ணிக்கையில் லிம்போசைட் 2,500க்குக் கீழே இருப்பதை யாராவது கவனித்தாலே உயிர் பிழைக்க வழியுண்டு. எந்த மாதத்தில் தொடங்கியது என்பது அவ்வளவு பேசும்.

இதே தர்க்கம் வேறு இடங்களிலும் வரும். 18 மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு எச்ஐவி எதிர்ப்பொருள் இருப்பது தாயின் தொற்றை மட்டுமே சொல்லும். குழந்தைக்கு வைரஸின் மரபுப்பொருளைத் தேட வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசியை ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் வரை தள்ளிப்போடுவதும், தாயின் எதிர்ப்பொருள் தடுப்பூசி வைரஸையே முறியடித்துவிடும் என்பதால்தான்.

இந்த நோயை முதலில் விவரித்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஓக்டன் புரூட்டன். 1952இல், வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், திரும்பத் திரும்ப நியூமோகாக்கஸ் தொற்று வந்த எட்டு வயதுச் சிறுவனின் சீரத்தை மின்புலத்தில் பிரித்துப் பார்த்தார். காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. 1965இல் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழிகளில் பர்சா என்னும் உறுப்பை நீக்கினால் எதிர்ப்பொருள் மட்டும் போய்விடுவதையும், தைமஸ் சார்ந்த பாதுகாப்பு தனியாக நிற்பதையும் காட்டினர். பி, டி என்ற பிரிவு அங்கிருந்து வந்தது. காரணமான மரபணுவை 1993இல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. பிடிகே என்ற பெயரின் முதலெழுத்து புரூட்டனுடையது.

சிகிச்சை

மூளைக்காய்ச்சலுக்கு செஃப்ட்ரையாக்சோன் கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம், அதாவது 840 மில்லிகிராம். கிருமியின் மருந்துணர்திறன் தெரியும்வரை வான்கோமைசின் கிலோவுக்கு 60 மில்லிகிராம், நான்காகப் பிரித்து. மொத்தம் 14 நாள்.

இம்யூனோகுளோபுலின் வழக்கமான அளவு கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. 500 என்று கணக்கிட்டால் 4.2 கிராம் வரும். 5 கிராம் குப்பியை முழுதாகக் கொடுத்தால் கிலோவுக்கு 595; வரம்புக்குள்தான், ஆகவே மிச்சத்தைக் கொட்ட வேண்டாம். 10 சதவீதக் கரைசலில் அது 50 மில்லிலிட்டர். முதல் அரைமணி நேரம் மணிக்கு 4.2 மில்லிலிட்டர், அடுத்த அரைமணி 8.4, பிறகு 16.8, முதல் முறை அதற்கு மேல் ஏற்றவில்லை. மொத்தம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். நடுக்கம், காய்ச்சல், வாந்தி எல்லாம் பெரும்பாலும் வேகத்தால் வருபவை. தொற்று இருக்கும்போது, அதுவும் முதன்முறை செலுத்தும்போது, இன்னும் எளிதாக வரும். வந்தால் சொட்டை நிறுத்தி, சரியானதும் பாதி வேகத்தில் தொடரலாம். ஐஜிஏ இல்லாதவர்களுக்கு ஒவ்வாமை அதிர்ச்சி வரும் என்ற அச்சம் இங்கே பொருந்தாது: ஐஜிஏவுக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்கவும் பி செல் வேண்டுமே.

ஒவ்வொரு தவணைக்கும் சற்று முன் எடுக்கும் அளவுதான் அடிமட்ட அளவு. இரண்டாம் தவணைக்கு முன் 310, மூன்றாவதுக்கு முன் 480, ஐந்தாவதுக்கு முன் 640. நிலைபெற மூன்று முதல் ஆறு தவணை பிடிக்கும். முதல் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. 700க்கு மேல் நிலைநிறுத்த வேண்டி இடைவெளி நான்கு வாரத்திலிருந்து மூன்றாகச் சுருக்கப்பட்டது. எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. தொற்று நின்றதா என்பதே உண்மையான அளவுகோல். நியூட்ரோபில் மூன்று வாரத்தில் 2,900க்கு ஏறியது. இந்த நோயில் கடும் தொற்றின்போது நியூட்ரோபில் விழுவது பலருக்கும் நேரும். அதைத் தனி நோயாக எண்ணி எலும்பு மஜ்ஜையைக் குத்திப் பார்ப்பதற்கு முன் இம்யூனோகுளோபுலினை அளந்துவிட வேண்டும்.

பின்னாளில் நடக்கும் தவறுகளில் மிகச் சாதாரணமானது, எடை ஏறியும் பழைய அளவையே தொடர்வது. 8.4 கிலோவில் தொடங்கியவன் இரண்டு வயதில் 12 கிலோ இருப்பான். அதே 5 கிராம் அப்போது கிலோவுக்கு 417தான். ஒவ்வொரு வருகையிலும் எடை போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அளவைத் திருத்த வேண்டும். ஊசிக்கு நரம்பு கிடைப்பது கடினமானால் வாரம் ஒருமுறை தோலடியில் கிலோவுக்கு 100 முதல் 150 மில்லிகிராம் கொடுக்கலாம். ஏற்ற இறக்கமும் குறையும். ஐஜிஜி நன்றாக இருந்தும் நுரையீரலில் சளி தேங்கி மூச்சுக்குழாய் விரிவது நடக்கலாம், ஏனெனில் செலுத்தும் மருந்தில் ஐஜிஏவும் ஐஜிஎம்மும் கிடையாது என்றே சொல்லலாம். மூன்று வாரத்துக்கு மேல் நீளும் இருமலைச் சளி என்று விடக் கூடாது.

மூளைக்காய்ச்சல் குணமான பிறகு செய்த செவிப் பரிசோதனையில் இடது காதில் மிதமான கேட்புக் குறை இருந்தது. காது கேட்கும் கருவி பொருத்தப்பட்டது. எட்டரை மாதத்தில் அந்தக் கழித்தலைப் போட்டிருந்தால் இந்தக் காது தப்பியிருக்கலாம்.

தடுப்பூசியும் வீடும்

வாய்வழிப் போலியோ சொட்டு உயிருள்ள வைரஸ். எதிர்ப்பொருள் இல்லாத குடலில் அது மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் பெருகி, மாறி, முடக்குவாதம் உண்டாக்கும் வடிவத்துக்குத் திரும்பக்கூடும். இவனுக்கு ஏற்கெனவே சொட்டு கொடுக்கப்பட்டிருந்ததால் மலத்தில் போலியோ வைரஸ் தேடப்பட்டது, இல்லை. இனி அவனுக்கும், ஒரே வீட்டில் வளரும் மற்றக் குழந்தைகளுக்கும் ஊசி வழிப் போலியோ தடுப்பூசி மட்டும். இந்த நோயுள்ளவர்கள் பெரும்பாலான வைரஸ்களை டி செல்லால் சமாளித்துவிடுவார்கள். போலியோ சேர்ந்த என்டெரோவைரஸ் குடும்பம்தான் விதிவிலக்கு, அது மூளையில் நாள்பட்ட அழற்சியாகத் தங்கிவிடும். பிறந்தபோது போட்ட பிசிஜி (காசநோய்க்கான உயிருள்ள தடுப்பூசி) இவனுக்குத் தீங்கு செய்யவில்லை, அதைக் கட்டுக்குள் வைப்பது டி செல். டி செல் இல்லாத குழந்தைக்கு அதே பிசிஜி உடல் முழுதும் பரவும். தட்டம்மைத் தடுப்பூசி இனி பயன்படாது. மாதந்தோறும் செலுத்தும் கொடையாளர் ஐஜிஜியே அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

பின்னர் வம்சப்படம் வரையப்பட்டது. அம்மாவுடன் பிறந்தவர்கள் இரண்டு பேர்: சிறுவயதில் இறந்த அண்ணன், ஒரு தங்கை. குழந்தைக்குச் சித்தியான அந்தத் தங்கைக்கு ஏழு வாரத்துக்கு முன்தான் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. நிறைமாதம், நல்ல எடை, ஒரு குறையும் இல்லை. அழைத்து இரத்தம் எடுத்தபோது ஐஜிஜி 330. அந்த வயதுக்கு இயல்பு. லிம்போசைட் எண்ணிக்கையும் இயல்பு. ஐஜிஏவும் ஐஜிஎம்மும் இந்த வயதில் யாருக்குமே குறைவு என்பதால் அவை எதையும் பிரித்துக் காட்டவில்லை. இந்த வயதில் உண்மையைச் சொல்லக்கூடிய எண் ஒன்றே ஒன்றுதான்: சிடி19. அது 0.1 சதவீதம். அந்த 330 முழுவதும் சித்தியுடையது.

வாய்வழிச் சொட்டு நிறுத்தப்பட்டது. பத்தாவது வாரத்தில், ஒருமுறைகூடக் காய்ச்சல் வராத நிலையில், முதல் தவணை தொடங்கியது. எடை 5.2 கிலோ, அளவு 2.5 கிராம்.